கடுப்பு மன்னனின் இரண்டு நட்சத்திரம்

அத்தியாயம் ஒன்பது

வாலு பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவிடமிருந்து போன் வந்தது. வாயில் நுரையோடு எடுத்தாள்.

"உன் விளையாட்டுல இருந்து என் குரலை எடுத்துடும்மா. உன் விளையாட்டுல இருந்து என் குரலை எடுத்துடு."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் இரண்டு தரம் சொல்லி நிறுத்துவது பழக்கம். காரணம் சொல்லும் பழக்கம் கிடையாது.

வாலு திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாலு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் அவள் அடித்த லூட்டி அப்படி. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அப்படிக் கூப்பிட, அவனைப் பார்த்து மாமனாரும் மாமியாரும் கூப்பிட, இப்போது இந்த வீட்டிலும் அவள் வாலுதான்.

அந்த வாலு, பாட்டுக்காரி என்று எல்லோரும் அழைக்கும் தோழியோடு சேர்ந்து, ஒரு சலவைக் கடை மாடியறையில் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்த 'தகரப் படை' போன வாரம்தான் வெளியானது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் ஜாடையில் செய்தது. எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். டப்பாவை நசுக்கிச் செய்தது போன்ற டாங்கிகள். தாதுவை வெட்டி, லாரியில் ஏற்றி, தளம் கட்டி, படை திரட்டி எதிரியை அடிக்க வேண்டும். நீ யோசிக்கிற அதே நேரத்தில் எதிரியும் கட்டிக்கொண்டிருப்பான். உன் முறை வரட்டும் என்று காத்திருக்க மாட்டான். ஆடுவதற்குக் காசு வேண்டாம். ஆசைப்பட்டால் டாங்கிக்குப் பெயின்ட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

போர் நடக்கும்போது நிலவரம் சொல்லும் குரல் அப்பாவுடையது. பழைய ரேடியோவில் வருவது போலக் கரகரப்பு சேர்த்திருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் வாயே திறக்காமல் இருந்த மனிதர், அந்த ஒலிப்பதிவுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். ஆட்டம் வெளியான நாளிலிருந்து, ஆடுகிறவர்கள் எழுதும் கருத்துகளை ஒன்று விடாமல் படித்து மகளுக்குப் போனில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நேற்று வரைக்கும்.

வாலு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கருத்துப் பக்கத்தைத் திறந்தாள். உச்சியில் நின்றது அது. எழுதியவர் பெயர் 'கடுப்பு மன்னன்'.

"இசைக்கு ஒரு நட்சத்திரம். ஓசியில் கிடைப்பதற்கு ஒரு நட்சத்திரம். மற்றதுக்கு ஒண்ணும் கிடையாது. தாது லாரி பாலத்துகிட்ட வந்ததும், படிக்காம பரீட்சைக்குப் போனவன் மாதிரி முழிச்சிட்டு நிக்குது. ரெண்டு லாரி எதிரெதிரா வந்தா வழிவிடத் தெரியல. அதையாவது பொறுத்துக்கலாம். அந்தக் குரல் இருக்கே! 'நமது தளம் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அந்த ஆள் வருத்தத்தைத் தெரிவிச்சு முடிக்கறதுக்குள்ள என் தளம் தரைமட்டம். அவருக்கு யாராவது ஓய்வு கொடுங்கப்பா."

அதன் கீழே ஊரே கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. 'வயிறு வலிக்குது', 'அண்ணன் சொன்னா சரிதான்', 'என் தளமும் அப்படித்தான் போச்சு'.

வாலுவுக்கும் சிரிப்பு வந்தது. கடைசி வரியைத் திரும்பப் படித்தபோது அது நின்றுவிட்டது. ஏற்கெனவே ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த வரி எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தாள். கருத்து எழுதுகிறவர் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறார் என்பதும் பெயருக்குப் பக்கத்தில் தெரியும். கடுப்பு மன்னன் ஆடியிருந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் தகரப் படையை ஆடியிருக்கவில்லை. செய்தவள் உட்பட.

---

சலவைக் கடையின் மாடியறைக்கு எப்போதும் வெந்நீர் வாசனை. கீழே இயந்திரங்கள் சுழலும்போது மேலே மேசை லேசாக ஆடும். பாட்டுக்காரி ஒரு காலை நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டு கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி, இதைக் கேளேன். 'ஓசின்னு போட்டிருக்கு, எங்கயோ ஒரு பொறி இருக்கணும்னு வந்த நாள்ல இருந்து தேடறேன். கிடைக்கல. சந்தேகம் மட்டும் தீரல.'"

வாலு என்ற பெயர் வீட்டோடு சரி, பாட்டுக்காரிக்கு அவள் எப்போதும் முதலாளிதான். முதலாளி சிரிக்கவில்லை.

"இது? 'எல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சதும் கண்ணு கெட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்ட ஓடினேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். இப்போ டாக்டரும் ஆடறார்.'"

"எங்க அப்பா குரலை எடுக்கச் சொல்றார்."

பாட்டுக்காரி மடித்திருந்த காலைக் கீழே போட்டாள். "எடுக்கறதா? அதான்டி இந்த ஆட்டத்தோட உயிரே. இதைப் பாரு: 'காசு கொடுத்தவனும் கொடுக்காதவனும் இதுல ஒரே மாதிரிதான் தோக்கறான், நல்ல நியாயம். அதுவும் அந்தக் குரல் சொல்லும்போது, தோக்கறதுகூட மரியாதையா இருக்கு.' எத்தனை பேர் இப்படி எழுதியிருக்காங்க தெரியுமா?"

"அப்பா கண்ணுல அந்த ஒண்ணுதான் படுது."

"சரி, ஒரு பட்டன் வெச்சுடுவோம். பிடிக்காதவங்க குரலை அணைச்சுக்கட்டும்."

"எங்க அப்பாவை அணைக்கறதுக்குப் பட்டனா?"

இருவருக்கும் நேரம் இல்லை. இன்று மாலை திருத்திய ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஜோடிப் போட்டி என்று அறிவித்திருந்தார்கள். லாரிப் பிரச்சினை ஒரு பக்கம். 'லாரி முட்டாளா இருந்தாத்தான் அந்தக் காலத்து ஆட்டம் மாதிரி இருக்கு, கை வெக்காதீங்க' என்று ஒரு கூட்டம். 'அந்தக் காலம்னா எல்லாரும் பாலத்துல நின்னுட்டா இருந்தாங்க?' என்று இன்னொரு கூட்டம். அந்தச் சண்டைக்கு நடுவில் இப்போது அப்பா.

மாமியாரிடமிருந்து போன் வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் எப்போதும் ஒரே மூச்சில்தான் பேசுவார்.

"வாலு, உன் மாமா படிக்கிற கண்ணாடியை என் கைப்பையில போட்டுட்டு வந்துட்டேன், கடை உன் பக்கம்தான், வாங்கிட்டுப் போய் கொடுத்துடும்மா, அந்தக் கண்ணாடி இல்லாம அவர் எரிஞ்சு விழுவார், பாவம் கத்துக்க வந்தவங்க."

---

மாமனாரின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். ஒரு மேசையில் பழகுவதற்காக ஸ்டீயரிங் ஒன்றைத் திருகி வைத்திருப்பார். மூலையில் மாதிரித் தேர்வு எழுத ஒரு கம்ப்யூட்டர்.

வாசலில் வண்டியை நிறுத்தும்போதே வாலுவுக்குக் கேட்டது. கரகரப்போடு, நிதானமாக, தன் அப்பாவின் குரல்.

"நமது தளம் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது என்பதை..."

"சொல்லித் தொலையேன்யா சீக்கிரம்!" இது மாமனார்.

வாலு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையை முட்டிவிடுவது போலக் குனிந்திருந்தார். கத்துக்க வந்தவர்கள் சுற்றிலும் நின்றிருந்தார்கள். மருத்துவமனைச் சீருடையோடு ஒரு நர்ஸ், முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர்.

"பாலத்துல பாருங்க சார், பாலத்துல!" என்றார் நர்ஸ்.

"பாத்துட்டேம்மா. நிக்கறான் பாரு நட்ட நடுவுல. இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது?"

வாலு கதவைத் தள்ளினாள். மாமனார் திரும்பினார். அடுத்த நொடி திரையில் 'சாலை விதிகள்: மாதிரித் தேர்வு' வந்து நின்றது. இத்தனை வேகத்தில் அவர் கை ஓடி அவள் பார்த்ததில்லை.

"வாம்மா வாலு. என்ன இந்தப் பக்கம்?"

"கண்ணாடி கொண்டு வந்தேன் மாமா."

"தாது இருப்பு குறைந்து வருகிறது என்பதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்," என்றது சாலை விதிகள்.

முடிதிருத்துபவர் 'வளைவில் முந்தாதீர்' என்ற படத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

"புதுசா... அந்த மாதிரிக் கேள்வியும் கேக்கறாங்கம்மா," என்றார் மாமனார்.

"தாது பத்தியா மாமா?"

அவர் கண்ணாடியை வாங்கித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தரம் துடைத்தார்.

"கடுப்பு மன்னன் நீங்கதானே?"

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். பொய் சொல்ல அவருக்கு வராது. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஆமா."

"என் ஆட்டம்னு தெரியாமயா எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான் எழுதினேன். என்கிட்ட வர்றவங்ககிட்ட, 'ஆஹா, பிரமாதமா ஓட்டறீங்க'ன்னு மொத நாளே சொல்லி அனுப்பினா ரோட்ல யாரும்மா அடிபடறது? வீட்டு ஆளுன்னு புகழ்ந்து எழுதிட்டா உனக்கு என்ன பிரயோஜனம்? அதான் வேற பேர்ல எழுதினேன். வீட்டுல உன் முகத்தப் பாத்தா எழுத வராது."

"பிடிக்கலன்னா ஏன் மாமா பொழுதன்னைக்கும் ஆடறீங்க?"

"பிடிக்கலன்னு யார் சொன்னா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ரெண்டு நட்சத்திரம்னுதான் சொன்னேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாலுவுக்கும் உதடு துடித்தது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

அதைச் சொல்வது ஏன் கஷ்டம் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்றுதான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: வாலுவின் அப்பாவும் மாமனாரும் ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். வாலுவும் கணவனும் தனி வீடு பார்த்துப் போகலாம் என்று ஒரு குடியிருப்புக்குப் போயிருந்த நாளில், அப்பாவின் புது காரை அங்கே நிறுத்துமிடத்தில் பின்னால் எடுத்தவர் மாமனார். பின்னால் நின்று வழி காட்டியவர் அப்பா. தூண் நெருங்கியபோது அப்பா தன் தொழில் சுத்தத்தோடு, "தயவுசெய்து வண்டியை நிறுத்தவும்" என்று சொல்ல ஆரம்பித்தார். 'தயவுசெய்து' வரைக்கும்தான் வந்தது. அதற்குள் பின்விளக்கு நொறுங்கிவிட்டது. காரின் கண்ணாடியைப் பார்க்காதது யார் தப்பு என்று அப்பாவும், 'நில்லு' என்று சொல்லாதது யார் தப்பு என்று மாமனாரும் அன்றைக்கு நின்ற இடத்திலிருந்து இன்றைக்கு வரை நகரவில்லை. தனி வீட்டு யோசனையும் அத்தோடு போயிற்று. 'உங்க அப்பாகிட்ட சொல்லு', 'உன் மாமாகிட்ட சொல்லு' என்று நடுவில் தூது போய் வாலுவுக்கு நாக்கு தேய்ந்தது.

"மாமா," என்றாள். "அந்தக் குரல் எங்க அப்பா."

மாமனார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். கை தானாகப் போய் மேசையிலிருந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"கரகரன்னு... வேற யாரோ மாதிரி..."

"பழைய ரேடியோ மாதிரி இருக்கட்டும்னு நாங்கதான் மாத்தினோம். தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்களா?"

மாமனார் ஸ்டீயரிங்கை விட்டார். யோசித்தார்.

"எழுதியிருப்பேன். அந்தக் கடைசி வரிய மட்டும் எழுதியிருக்க மாட்டேன்." பிறகு மெதுவாக, "படிச்சுட்டாரா?" என்றார்.

"காலைல போன் பண்ணினார். குரலை எடுத்துடச் சொல்லிட்டார்."

"எடுக்கக் கூடாது!" என்று நர்ஸ் குறுக்கே வந்தார். "ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து அந்தக் குரலைக் கேட்டாத்தான் எனக்கு மனசு அடங்குது."

"நீங்களும் ஆடறீங்களா?"

"எங்க வார்டே ஆடுது."

மாமனார் எழுந்தார். "நான் அஞ்சு நட்சத்திரமா மாத்திடறேன் வாலு. இப்பவே மாத்திடறேன்."

"வேண்டாம். பாலத்தைச் சரி பண்ணினப்புறம் ஆடிப் பாத்துட்டு, மனசுக்குத் தோணினா மாத்துங்க."

மாமனார் தலையாட்டினார். அப்புறம் சட்டைப் பையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சம்பந்தி எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

இந்த ஒரு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. வாலு பாட்டுக்காரிக்குப் போன் போட்டாள்.

"உங்க அப்பா இங்கதான் உக்காந்திருக்கார் முதலாளி," என்று கிசுகிசுத்தாள் பாட்டுக்காரி. "குரலை எடுக்கறதை நேர்ல பாத்துட்டுத்தான் போவாராம். டீ குடுத்தேன், தொடல."

நர்ஸுக்கு அப்போது ஓட்டும் பாடம். அதனால் அவரே பள்ளி வண்டியை எடுத்தார். பாடமும் ஆயிற்று, போகும் வேலையும் ஆயிற்று. பின்சீட்டில் வாலு முன்சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் மாமனார் வேறு எதையும் பேசவில்லை. "இடது", "மெல்ல", "நில்லு". ஒவ்வொன்றும் ஒரே வார்த்தை. நர்ஸ் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

---

மாடியறைக் கதவைத் திறந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்து மலர்ந்த முகம், பின்னால் வந்தவரைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

மாமனார் வாசலிலேயே நின்றார். "வாலு, உங்க அப்பாகிட்ட சொல்லு. கடுப்பு மன்னன் நான்தான்னு."

பாட்டுக்காரியின் கையிலிருந்த பிஸ்கட் டீயில் விழுந்தது.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "வாலு, உன் மாமாகிட்ட கேளு. எனக்கு யார் ஓய்வு கொடுக்கணும்னு அவர் ஆசைப்படறார்னு," என்றார்.

"வாலு, அது யார் குரல்னு தெரியாம எழுதினேன்னு சொல்லு."

"தெரியாதவன்னா என்ன வேணா எழுதலாமான்னு கேளு."

வாலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வருடம். போதும் போதும் என்று ஆகிவிட்டது. "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்ல," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தொண்டை வலிக்குது."

கீழே சலவை இயந்திரம் வேகமெடுத்தது. மேசை ஆடியது.

கடைசியில் அப்பாதான் பேசினார், பொதுவாக அறையைப் பார்த்து. "பதறின குரல்ல நான் ஒரு அறிவிப்புகூட கொடுத்ததில்ல. ஒரு தடவை ரயில் தடம் புரண்டு, பிளாட்பாரம் பூரா ஜனம். எனக்குக் கை நடுங்குது. ஆனா மைக்குல நடுங்கல. நான் பதறியிருந்தா அத்தனை பேரும் ஓடியிருப்பாங்க. அது தெரியாதவங்கதான் சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லுங்கறாங்க."

"அது சரி சம்பந்தி," என்றார் மாமனார். "காத்துட்டு நிக்கறவனுக்கு அது சரி. பிரேக்ல கால் வெச்சிருக்கறவனுக்கு ஒரே வார்த்தைதானே வேணும்?"

சொன்ன பிறகுதான் நேராகப் பேசிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"ஒரே வார்த்தைல என்ன சொல்ல முடியும்?"

"சொல்லிப் பாருங்களேன். நான் ஆடறேன்."

பாட்டுக்காரி இதற்காகவே காத்திருந்தவள் போல மைக்கை எடுத்து அப்பா முன்னால் நிறுத்தினாள். அறையின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும்படி இணைத்தாள். மாமனார் வாலுவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு பேர், இரண்டு பேரோடு மோதும் ஆட்டம். கூட்டாளியாக, அப்போது ஆடிக்கொண்டிருந்த முகம் தெரியாத ஒருவரை ஆட்டமே சேர்த்துவிட்டது. 'ஈரத்துண்டு' என்று பெயர்.

ஆரம்பத்தில் தடவல்தான். மாமனார் தளம் கட்டினார், லாரி விட்டார். எதிரி வேகமானவன்.

"வடகிழக்குத் திசையிலிருந்து எதிரிப் படைகள் வந்துகொண்டிருக்கின்றன என்பதை..."

"ஒரே வார்த்தை சம்பந்தி!"

அப்பா வாயை மூடினார். தொண்டையைச் செருமினார். வருடக்கணக்காக நீட்டி முழக்கியே பழகிய நாக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"மேல," என்றார்.

மாமனாரின் டாங்கிகள் மேலே திரும்பின. எதிரியின் முதல் வரிசை சிதறியது.

"ஆங்!" என்றார் மாமனார்.

"இடது." அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இடது. இன்னும். போதும்."

தாது தீர்ந்துகொண்டிருந்தது. பாலத்தில் லாரிகள் வழக்கம்போல மூஞ்சியும் மூஞ்சியுமாக நின்றன. மாமனார் பல்லைக் கடித்தார். அப்போது திரையின் ஓரத்திலிருந்து வேறு நிற லாரிகள் வரிசையாக வந்தன. ஈரத்துண்டு கேட்காமலேயே தாது அனுப்பிக்கொண்டிருந்தது.

"யார் பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்," என்றார் மாமனார்.

படை பெருத்தது. எதிரியின் கோட்டையை நோக்கி மொத்தமாக நகர்ந்தது. அப்பா இப்போது உட்காரவே இல்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மணல்மேட்டைத் தாண்டும் இடத்தில், எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடியின் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"நில்லு!"

அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. கீழே சலவைக் கடைக்காரர்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மாமனாரின் கை உறைந்தது. அத்தனை டாங்கிகளும் புள்ளிக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றன.

ஒரு மூச்சு. பிறகு மாமனார் சுற்றிக்கொண்டு போனார். ஈரத்துண்டின் படை அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எதிரியின் கொடி விழுந்தது.

பாட்டுக்காரி வாலுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். வாலுவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அப்பா மட்டும் குதிக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"அன்பார்ந்த வீரர்களின் கனிவான கவனத்திற்கு. எதிரிப் படைகள் அனைத்தும் தோல்வியைத் தழுவியுள்ளன என்பதையும், நமது லாரிகள் சற்றுத் தாமதமாக வந்தாலும் பத்திரமாக வந்து சேர்ந்தன என்பதையும் மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மாமனார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாக்கியத்தை முழுசாகக் கேட்டார். ஒரு வார்த்தைக்கும் அவசரப்படுத்தவில்லை.

"இதை எடுக்கக் கூடாது சம்பந்தி," என்றார் கண்ணைத் திறக்காமலே. "சண்டைல ஒரு வார்த்தை. ஜெயிச்சா நீங்க சொல்ற மாதிரி, நீட்டமா."

"ரெண்டு தரம் சொல்லணும்," என்றார் அப்பா.

"ரெண்டு தரம் சொல்லுங்க."

அப்பா வாலுவைப் பார்த்தார். காலையில் போனில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அது போதுமாயிருந்தது.

பாட்டுக்காரி அங்கேயே, அப்போதே ஒலிப்பதிவை ஆரம்பித்தாள். வாலு பாலத்தின் மேல் கை வைத்தாள். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் ஒதுங்குவதற்கு முன் கொஞ்சம் முழிக்கட்டும் என்று விட்டாள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கும் ஒரு திருப்தி வேண்டாமா?

அவளுக்குப் பின்னால் குரல்கள் உயர்ந்துகொண்டிருந்தன.

"இப்ப சொன்னீங்களே 'நில்லு'ன்னு, அதை அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"நீங்க கண்ணாடியைப் பாத்திருந்தா நான் எதுக்குச் சொல்லணும்?"

"கண்ணாடில தூண் தெரியல, நீங்கதான் தெரிஞ்சீங்க!"

"அப்போ என்னை இடிச்சிருப்பீங்களா?"

பாட்டுக்காரி கவலையோடு வாலுவின் தோளைத் தொட்டாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களே. பிரிச்சு விடலாமா?"

"பேசாம இரு," என்றாள் வாலு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முகமெல்லாம் பல்லாக இருந்தாள். "நேருக்கு நேரா சண்டை போடறாங்க. கேக்கவே எவ்ளோ நல்லா இருக்கு."

திருத்திய ஆட்டம் மாலையில் வெளியானது. கருத்துகள் வந்து விழ ஆரம்பித்தன. 'மேல என்று ஒரே வார்த்தையில் சொன்னார், நாற்காலியிலிருந்து எகிறிவிட்டேன்.' 'ஜெயிச்சா எவ்வளவு நேரம் பேசறார்! இதுக்காகவே இன்னொரு தடவை ஜெயிக்கணும்.' 'லாரி வழிவிட்டது. அழுதுட்டேன்.' அப்பா ஒவ்வொன்றாக வாசிக்க, மாமனார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடுப்பு மன்னன் தன் நட்சத்திரத்தை மூன்றாக உயர்த்தியிருந்தார். "மிச்சம் ரெண்டு?" என்று வாலு கேட்டதற்கு, "எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும்மா," என்றார்.

அப்போதுதான் அவள் திரையில் ஒரு தனிச் செய்தி வந்தது. ஈரத்துண்டிடமிருந்து.

'ரெண்டு பேரும் நல்லா ஆடினாங்க வாலு. தாது அனுப்பினது யாருன்னு உன் மாமாகிட்ட சொல்லிடாத. கீழதான் நிக்கறேன், வா.'

வாலு செய்தியைத் திரும்பப் படித்தாள். அந்தப் பட்டப்பெயரை இணையத்தில் அவள் எங்கேயும் போட்டதில்லை. உலகத்தில் ஐந்தே பேர் கூப்பிடும் பெயர். அதில் இரண்டு பேர் இங்கே தூணைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் கையிலிருக்கும் கிரீஸோடு போனைத் தொடவே மாட்டான்.

ஓசைப்படாமல் படி இறங்கினாள். துவைத்து மடித்த துணி மூட்டைகளுக்கு நடுவில், மருந்துக் கடைச் சீருடையோடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மாமியார் நின்றிருந்தார்.

"அத்தை! நீங்களா?"

"மெதுவா பேசு, உன் மாமாவுக்குக் கேட்டுடப் போகுது, வெளியான நாள்லேருந்து ஆடறேன், கடைல கூட்டம் இல்லாத நேரத்துல, இன்னைக்கு உன் பேரைப் பாத்துத்தான் தாது அனுப்பினேன், ஆடினது இவங்க ரெண்டு பேரும்னு பாட்டுக்காரி அப்புறம் போன்ல சொன்னா, அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருக்கேன், படிச்சிருப்ப, ஆனா இப்ப நான் வந்தது அதுக்கில்ல." மாமியார் ஒரே மூச்சில் பேசிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக நடுவில் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை நீங்க வெக்கற ஜோடிப் போட்டிக்கு, சம்பந்தி ரெண்டு பேரையும் ஒரே அணின்னு பேர் கொடுத்துட்டேன்."

"ஐயோ அத்தை, சூப்பர்!"

"இரு, முழுசா கேளு." மாமியாரின் கண்ணில், வாலு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருபோதும் பார்த்திராத ஒரு குறும்பு மின்னியது. "மொத ஆட்டத்துல அவங்களுக்கு எதிரா ஆடப் போறது நானும் உங்க அம்மாவும்."